அம்மிக்கும் அடுப்புக்கும் நடுவே

ஏற்காட்டில் டிசம்பர் மாதக் குளிர் மாலை ஐந்து மணிக்கே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் அது. நாகலூர்ப் பக்கம் நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தேன். மலையேறிய அன்றே சளி பிடித்து, மூன்றாம் நாள் தொண்டை கட்டிக்கொண்டது. "பூண்டுப்பால் காய்ச்சித் தர்றேன், குடிச்சுட்டுப் படு கண்ணு" என்றார் நண்பரின் அம்மா.

அடுப்பில் பாலை ஏற்றினார். எட்டுப் பல் பூண்டை அம்மியில் போட்டுக் குழவியால் ஒரு தட்டு தட்டினார். தோல் கழன்றது. அதை ஊதித் தள்ளிவிட்டு, கொல்லையில் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த கொடியிலிருந்து பறித்துக் காயவைத்த மிளகில் ஆறேழு மணியைச் சேர்த்து நைத்தார். எழுந்த நெடி, அடைத்துக் கிடந்த என் மூக்குக்கே எட்டியது. நைத்ததை நேராகப் பாலில் போடுவார் என்று பார்த்தால், கிண்ணத்தில் வழித்து மூடி வைத்துவிட்டு, களத்தில் காய்ந்த காப்பிக்கொட்டையைக் குவித்து மூடப் போய்விட்டார். பால் பொங்க வந்தது. வாசலுக்குப் போய், கம்மிய குரலில் "போட்டுடட்டுமாம்மா?" என்று கேட்டேன். "இரு கண்ணு. தீயைக் கொறச்சு வை. பூண்டு கொஞ்ச நேரம் கெடக்கட்டும்."

ஏன் கிடக்க வேண்டும் என்று கேட்டதற்கு, அவருடைய மாமியார் அப்படித்தான் செய்வார் என்பதுதான் பதில். அந்தப் பத்து நிமிடத்தில் கிண்ணத்துக்குள் என்ன நடந்தது என்று தெரிந்தால், பூண்டைப் பச்சையாகத் தின்பதா சமைத்துத் தின்பதா என்று ஆண்டாண்டு காலமாக நாம் கேட்டுவரும் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

முழுப் பூண்டுப் பல் ஒன்றை உரித்து, நகம் படாமல் மூக்கருகே வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய வாசமே இருக்காது. நாம் பூண்டு வாசம் என்று சொல்வது பூண்டுக்குள் இல்லவே இல்லை. பல்லை நசுக்கிய பிறகுதான் அது பிறக்கிறது. பூண்டின் உயிரணுக்களில் அல்லியின் என்றொரு கந்தகச் சேர்மம் இருக்கிறது. அதற்கு மணம் கிடையாது. அதை வெட்டக் காத்திருக்கும் நொதி ஒன்றும் அங்கேயே இருக்கிறது, அல்லினேஸ் என்று பெயர். இரண்டும் ஒரே வீட்டில் சுவர் வைத்துப் பிரித்த தனித்தனி அறைகளில் குடியிருப்பவை. புழு கடித்தாலோ கத்தி பட்டாலோ குழவி உருண்டாலோ சுவர் இடிகிறது. நொதி பாய்ந்து அல்லியினைப் பிடிக்கிறது. நொடிக்கணக்கில் அல்லிசின் உருவாகிறது. மண்ணுக்கடியில் ஓடவும் முடியாமல் ஒளியவும் முடியாமல் கிடக்கும் ஒரு கிழங்கு, தன்னைக் கடித்த வாயிலேயே தீ வைக்கிறது. நம் நாக்கில் சுரீர் என்று ஏறுவது அந்தத் தீதான். வலியை உணர்த்தும் நரம்பு முனைகளையே அல்லிசின் நேரடியாகத் தூண்டுகிறது என்று 2005இல் கண்டறிந்தார்கள்.

இந்த அல்லிசினை முதலில் பிரித்தெடுத்தவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த செஸ்டர் கவல்லிட்டோவும் ஜான் பெய்லியும். ஆண்டு 1944. பாக்டீரியாக்களை அது கொல்வதை அவர்கள் காட்டினார்கள். நான்கு ஆண்டு கழித்து, சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோலும் எவால்ட் ஸீபெக்கும் அதன் தாய்ப்பொருளான அல்லியினைக் கண்டுபிடித்தார்கள். நசுக்கிய ஒரு கிராம் பச்சைப் பூண்டிலிருந்து சுமார் 2.5 முதல் 4.5 மில்லிகிராம் அல்லிசின் கிடைக்கும். நெல்மணி ஒன்றின் எடையில் ஒரு சிறு பங்குதான். அதற்குத்தான் இத்தனை நெடி.

இனி அடுப்புக்கு வருவோம். நொதி என்பது புரதம். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் கட்டியாவதுபோல நொதியும் சூட்டில் உருக்குலைந்துவிடும். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவதால் இங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை, 95ஐ ஒட்டியே கொதித்துவிடும். சேலத்தில் வேகும் நேரத்தில் மலைமேல் பருப்பு வேகாததற்குக் காரணம் இதுதான். ஆனால் அல்லினேஸைக் கொல்ல இந்த 95 தாராளம். ஆகவே முழுப் பல்லை அப்படியே கொதிக்கும் பாலிலோ குழம்பிலோ போட்டால், சுவர் இடிவதற்கு முன்பே நொதி செத்துவிடுகிறது. அப்புறம் அதை எவ்வளவு மசித்தாலும் அல்லிசின் பிறக்காது. குழம்பில் வெந்த பூண்டு வெண்ணெய்போல இனிப்பாக இருப்பது இதனால்தான். நைத்த பூண்டைச் சற்று நேரம் விட்டுப் போட்டால் கதையே வேறு. நொதி செய்ய வேண்டியதை அதற்குள் செய்து முடித்திருக்கும். பிறகு சூடு பட்டு அது செத்தாலும், பிறந்த கந்தகச் சேர்மங்களில் ஒரு பங்கு உருமாறியாவது மிஞ்சும்.

இதை அமெரிக்காவில் சோங், மில்னர் என்ற இருவர் 2001இல் எலிகளில் சோதித்தார்கள். நசுக்கிய உடனே மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்த பூண்டு, புற்றுநோய்க்கு எதிரான தன் பாதுகாப்புத் திறனை இழந்துவிட்டது. நசுக்கிப் பத்து நிமிடம் விட்டபின் சூடாக்கிய பூண்டில் அந்தத் திறன் ஓரளவு தங்கியது. 2007இல் அர்ஜென்டினா ஆய்வாளர்கள், இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைப் பூண்டு எவ்வளவு தடுக்கிறது என்று அளந்தார்கள். கொதிநீரில் மூன்று நிமிடம் வரை பெரிய இழப்பில்லை. ஆறு நிமிடம் வெந்ததும், நசுக்காத பூண்டில் அந்தக் குணம் முழுதாகப் போய்விட்டது. நசுக்கி வேகவைத்ததில் கொஞ்சம் மிஞ்சியது. நாகலூர் மாமியார் எந்த ஆய்விதழையும் படித்தவரல்ல. ஆனால் அவர் வீட்டுப் பூண்டு ஒவ்வொரு முறையும் அந்தப் பத்து நிமிடம் காத்திருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்ப்பாக இருக்கிறது.

அதற்காக, முழுப் பூண்டு போட்ட குழம்பு சத்தற்றது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பியிருந்தேன். 2018இல் லாசன், ஹன்சேக்கர் என்ற ஆய்வாளர்கள் பல வகையாகச் சமைத்த பூண்டை மனிதர்களுக்குக் கொடுத்து, அவர்களின் மூச்சில் வெளிப்படும் கந்தகப் பொருளை மணிக்கணக்கில் அளந்தார்கள். நசுக்கிய பச்சைப் பூண்டை நூறு என்று வைத்துக்கொண்டால், வேகவைத்தது 16, சுட்டது 30, ஊறுகாய் 19 என்ற அளவில் நின்றது. நொதி செத்த பூண்டிலிருந்தும் உடல் தானாகக் கொஞ்சம் வேலை வாங்கிக்கொள்கிறது. பச்சைப் பூண்டு ஒரு பல்லைத் தின்பதற்கே கண்ணில் நீர் வருகிறது. வத்தக்குழம்பில் வெந்ததைப் பத்துப் பல் தின்றாலும் வயிறு முனகுவதில்லை. அந்தப் பத்தையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் குழம்பு அவ்வளவு தோற்றுவிடவில்லை.

உண்மையில் தோற்றுப்போகும் முறை ஒன்று உண்டு. காலையில் வெறும் வயிற்றில் ஒரு பல் பூண்டை மாத்திரைபோலத் தண்ணீர்விட்டு முழுங்குவது. கொலஸ்ட்ரால் குறையும் என்று சொல்லி நம்மூரில் எத்தனையோ பேர் செய்கிறார்கள். கடிக்காததால் சுவர் இடிவதில்லை. வெறும் வயிற்றின் அமிலம் நொதியை முடக்கிவிடும். பச்சையின் பயனும் முழுதாகக் கிடைக்காது, சமையலின் ருசியும் கிடைக்காது. இரைப்பைப் புண் உள்ளவர்களுக்கு எரிச்சல்தான் மிச்சம்.

கொலஸ்ட்ரால் என்றதும் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2007இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர், கெட்ட கொழுப்பு ஓரளவு கூடுதலாக இருந்த 192 பேருக்கு ஆறு மாதம் பூண்டு கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குப் பச்சைப் பூண்டு, இரண்டு பிரிவுகளுக்குப் பூண்டு மாத்திரை, ஒரு பிரிவுக்கு வெறும் மாத்திரை. பச்சைப் பூண்டு சாப்பிட்டவர்களுக்கும் கொழுப்பு குறையவில்லை. இரத்த அழுத்தத்தில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. அழுத்தம் கூடுதலாக உள்ளவர்களுக்குப் பூண்டு மருந்துகள் சிறிதளவு குறைத்ததைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூண்டை நம்பும் அளவுக்கு அது பெரிதல்ல. சளிக்கும் அதே கதைதான். உலகளவில் தேடியவர்களுக்குத் தகுதியான சோதனை ஒன்றே ஒன்று, 146 பேரைக் கொண்டது, தேறியது. எனக்கு அன்று இதம் தந்தது பூண்டா, மிளகா, சூடான பாலா, அந்த அம்மாவின் கையா என்று பிரித்துச் சொல்ல எந்த ஆய்வகத்தாலும் ஆகாது.

வெங்காயத்துக்கும் இதே குடும்பக் கதைதான். அதன் கந்தகச் சேர்மம் சற்று வேறு. நொதி அதை வெட்டியதும், இன்னொரு நொதி குறுக்கே புகுந்து அதைக் கண்ணெரிக்கும் ஆவியாக மாற்றிவிடுகிறது. இப்படி ஒரு தனி நொதி இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை, வெங்காயம் நசுங்கினால் அந்த ஆவி தானாகவே உண்டாகிறது என்றுதான் உலகம் எண்ணியிருந்தது. நறுக்குகிற கத்தி மழுங்கலாக இருந்தால் அதிக உயிரணுக்கள் நசுங்கும், அதிகக் கண்ணீர் வரும். கூராகத் தீட்டிய அரிவாள்மணையில் பாட்டிமார் மலை மலையாக வெங்காயம் அரிந்தது இப்படித்தான்.

வெங்காயத்தின் பெருமை கந்தகத்தோடு நிற்பதில்லை. சிவந்த வெங்காயத்தில் குவெர்செட்டின் என்ற பொருள் நிறைய இருக்கிறது, வெள்ளை வெங்காயத்தில் மிகக் குறைவு. 1997இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அளந்தபோது, ஆப்பிளில் உள்ள குவெர்செட்டினைவிட வெங்காயத்தில் உள்ளதை உடல் ஏறக்குறைய மூன்று மடங்கு நன்றாக உறிஞ்சிக்கொண்டது. அது அதிகம் தங்குவது வெளி இதழ்களில். காய்ந்த தோலோடு சேர்த்து இரண்டு சதைப் படலத்தையும் உரித்துப் போடுகிறோமே, அதோடு அதுவும் போகிறது. சூட்டுக்கு அது அல்லிசினைப்போல அஞ்சுவதில்லை. வதக்கினால் பெரும்பாலும் தங்கும். வேகவைத்தால் ஒரு பங்கு தண்ணீரில் இறங்கிவிடும். காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறவர்களுக்கு இது இழப்பு. சின்ன வெங்காயச் சாம்பாரை வாழையிலையில் வழித்துச் சாப்பிடுகிற நமக்கு என்ன இழப்பு? இறங்கியது சாம்பாரில்தானே இருக்கிறது.

பச்சை வெங்காயத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயம் இல்லாமல் எப்படி? மலையடிவாரத்தில் சேலத்துக்காரர்கள் தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயத்தோடு காரச் சட்னி வைத்துத் தரும் தட்டுவடை செட்டில் அந்தப் பச்சைக் கடிதான் உயிர். ஆனால் பச்சையாகத் தின்பது எதுவும் மண்ணையும் தண்ணீரையும் கையையும் கூடவே தின்பதுதான். அமெரிக்காவில் 2020இலும் 2021இலும் வெங்காயம் வழியாகப் பரவிய சால்மொனெல்லா கிருமி ஒவ்வொரு முறையும் ஆயிரம் பேருக்கு மேல் தொற்றியது. காலையில் நறுக்கி ஈ மொய்க்க வைத்ததைவிட, கண்ணெதிரே கழுவி நறுக்கியது மேல். தோலுக்கடியில் கரிபோல அப்பியிருக்கும் கரும்பூஞ்சை லேசாக இருந்தால் அந்த இதழை உரித்துக் கழுவினால் போதும். உள்ளே வரை பரவி நாற்றமடித்தால் முழுதாகவே தூக்கி எறியுங்கள். நறுக்கி வைத்த வெங்காயம் அறையிலுள்ள கிருமியை எல்லாம் இழுத்து விஷமாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதில் உண்மையில்லை. மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாளும் சமைக்கலாம்.

சிலருக்குப் பச்சையோ சமைத்ததோ எதுவும் ஒத்துக்கொள்ளாது. வயிறு உப்பி வலிக்கும். பூண்டிலும் வெங்காயத்திலும் உள்ள ஃப்ருக்டான் என்ற மாவுச்சத்து நம் சிறுகுடலில் செரிப்பதில்லை. பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள கிருமிகளால் நொதித்து வாயுவாகிறது. அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகையால் அவர்கள் எண்ணெயில் பூண்டைத் தாளித்து, பல்லை எடுத்துப் போட்டுவிட்டு, வாசம் ஏறிய எண்ணெயை மட்டும் பயன்படுத்தலாம். ஆனால் அந்த எண்ணெயை அன்றே தீர்த்துவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் அதற்கான காரணத்தை மறக்க வேண்டாம்.

பூண்டு மண்ணில் விளைவது. மண்ணில் க்ளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துக்கள் எங்கும் இருக்கின்றன. காற்றுள்ள இடத்தில் அவை உறங்கிக்கிடக்கும். பூண்டை எண்ணெயில் மூழ்கவைக்கும்போது, காற்றுப்படாத, புளிப்பில்லாத, ஈரமுள்ள இடம் ஒன்றை அவற்றுக்கு நாமே கட்டிக்கொடுக்கிறோம். அவை விழித்து முளைத்து, உலகிலேயே மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்றைச் சுரக்கும். நாற்றமோ கசப்போ எதுவும் காட்டிக்கொடுக்காது. இமை தொங்கும், பார்வை இரண்டாகும், நாக்கு குழறும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசை நின்றுபோகும். 1985இல் கனடாவின் வான்கூவர் நகரில், வெளியே வைத்திருந்த புட்டியிலிருந்து எடுத்த எண்ணெய்ப் பூண்டைச் சாப்பிட்ட 36 பேருக்கு இந்த நோய் வந்தது. பலருக்கு முதலில் வேறு நோய் என்றே சொல்லப்பட்டது. 1989இல் நியூயார்க் மாநிலத்தில் மூன்று பேருக்கு வந்தபின், கடையில் விற்கும் எண்ணெய்ப் பூண்டில் அமிலம் சேர்த்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க அரசு உத்தரவிட்டது.

கொதிக்கவைத்தால் போகாதா என்று கேட்கலாம். சுரந்த நஞ்சு நன்றாகக் கொதித்தால் அழியும். வித்து அழியாது. சமவெளியின் 100 பாகையையே மணிக்கணக்கில் தாங்கும். ஏற்காட்டின் 95 பாகை அதற்கு எம்மாத்திரம்? வித்தை அழிக்க 121 பாகை வேண்டும். நம் பாட்டிமார் செய்த பூண்டு ஊறுகாயில் எலுமிச்சைச் சாறோ புளியோ உப்போடு தாராளமாக விழும். அந்தப் புளிப்பில் வித்து முளைக்காது. "புளிப்பு வேண்டாம், நல்லெண்ணெய் மட்டும் போதும்" என்று யாராவது செய்முறை சொன்னால் மறுத்துவிடுங்கள். எலுமிச்சையில் ஊறிய பூண்டு சில சமயம் பச்சை, நீலம் என்று நிறம் மாறும். பயந்து கொட்டிவிடுகிறார்கள். பூண்டின் கந்தகச் சேர்மங்கள் புளிப்பில் அமினோ அமிலங்களோடு கூடி உண்டாக்கும் நிறம் அது. தாராளமாகச் சாப்பிடலாம்.

மலைத்தேனில் பூண்டை ஊறவைத்துத் தருவதும் இப்போது பரவிவருகிறது. தேனிலும் இதே வித்து இருக்கக்கூடும். பூண்டின் ஈரம் இறங்கித் தேன் நீர்த்தால் ஆபத்து கூடும். வேண்டுமென்றால் அன்றன்றைக்குக் கலந்து சாப்பிடுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவக்கூடக் கூடாது. பச்சைப் பூண்டை அரைத்துக் குழந்தையின் நெஞ்சிலோ பாதத்திலோ கட்டுவதும் வேண்டாம். அல்லிசின் தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கும்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போன்றவற்றைச் சாப்பிடுகிறவர்கள் குழம்புப் பூண்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பச்சைப் பூண்டை அள்ளித் தின்பதும் பூண்டு மாத்திரை போடுவதும் டாக்டருக்குத் தெரிந்தே நடக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே அவற்றை நிறுத்தச் சொல்வார்கள். 1990இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பில், அளவுக்கு மீறிப் பூண்டு தின்றுவந்த 87 வயது முதியவர் ஒருவருக்கு முதுகுத்தண்டுப் பகுதியில் தானாகவே இரத்தம் கசிந்து கால்கள் செயலிழந்தது பதிவாகியிருக்கிறது.

பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைப்பது நம் வழக்கம். 1991இல் அமெரிக்காவில் மெனெல்லா, போஷம் இருவரும் பாலூட்டும் தாய்மாருக்குப் பூண்டு கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்தில் தாய்ப்பாலில் பூண்டு வாசம் உச்சத்துக்கு வந்தது. குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை, வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பைப் பற்றிக் குடித்தன. பூண்டின் முதல் ருசியை நம்மில் பலரும் அப்படித்தான் அறிந்திருப்போம்.

அந்த அம்மா களத்திலிருந்து வந்து கையைக் கழுவிக்கொண்டு, கிண்ணத்தைத் திறந்து பூண்டைப் பாலில் போட்டார். மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை, பனங்கற்கண்டு கொஞ்சம். இரண்டு கொதி வந்ததும் இறக்கிவிட்டார். பாலைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பூண்டு தின்றவரின் மூச்சில் மணிக்கணக்கில் தங்கும் கந்தக வாசத்தை, பூண்டோடு சேர்த்துக் குடிக்கும் பால் நன்றாகக் குறைக்கிறது என்று ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2010இல் கண்டிருக்கிறார்கள். பின்னால் குடிப்பதைவிடக் கூடவே குடிப்பது நல்லது. கொழுப்பெடுக்காத பால் இன்னும் நல்லது.

குடித்து முடித்தபோது டம்ளரின் அடியில் பூண்டுத் திப்பி தங்கியிருந்தது. வாசலில் அவர்கள் வீட்டு நாய் வாலாட்டிக்கொண்டு நின்றது. டம்ளரைச் சாய்த்து அதன் தட்டில் வழிக்கப் போனேன். அம்மா எட்டிக் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுக்குக் குடுக்காத கண்ணு, ஆகாது." நாய்க்கும் பூனைக்கும் பூண்டும் வெங்காயமும் இரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. பச்சையானாலும் வெந்ததானாலும் காய்ந்த பொடியானாலும் அவற்றுக்கு ஒன்றுதான். டம்ளரைத் தொட்டியில் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுக்களையிலிருந்து வெறும் சோற்றை ஒரு கைப்பிடி கொண்டுவந்து அதன் தட்டில் வைத்தார்.